வாய் விலை நாலு மாத்திரை

எங்கள் அப்பாவின் விலை மாதம் பதினெட்டாயிரம், சாப்பாடு தனி. அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா அதை இருபத்திரண்டு ஆக்கச் சொன்னதும், அண்ணனுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது.

"பெத்த அப்பனுக்கு மாத்திரை குடுக்கக் கூலி ஆளா? நானே பாத்துக்கறேன். ஒரு வாரம் பாப்போம், சரிவரலேன்னா முதியோர் விடுதி."

விடுதி பன்னிரண்டாயிரம்தான். ஓர் அறைக்கு ஆறு கட்டில். பாசத்தோடு முன்பணமும் கட்டி வைத்திருந்தான். அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா நாற்பது வருஷம் ஆணியும் பூட்டும் விற்றவர். அம்மா செத்தது, கடையை மூடியது, மகளான என் பெயர், எல்லாம் மறந்தாயிற்று. பேரம் மட்டும் மறக்கவில்லை. அண்ணன் நடத்துவதோ கறார் விலைக் கடை.

"ரெண்டு மாத்திரைப்பா. முழுங்குங்க."

"ஒண்ணு."

"டாக்டர் ரெண்டுனு எழுதியிருக்காரு."

"அப்ப வேற கடை பாத்துக்கறேன்."

குளியல், கால் நனைப்பதோடு படிந்தது. சோறு, கால்வாசித் தட்டு. நாலாம் நாள் நிஜமாகவே வேறு கடை பார்க்கக் கிளம்பிவிட்டார். வண்டிகள் விரையும் நடுச்சாலையில், செருப்பில்லாமல் நின்றவரைப் பிடித்து வந்தோம். அண்ணன் அக்காவுக்குப் போன் போட்டான்.

அக்கா வந்து, மூடிய கையை அப்பாவிடம் நீட்டினார். "நாலு மாத்திரை, முதலாளி."

"கொள்ளை. ஒண்ணு."

"கட்டாது முதலாளி. மூணு."

"ரெண்டு. இல்லேன்னா நடையக் கட்டு."

"என்னவோ, உங்களுக்காக."

ஜெயித்த முகத்தோடு விழுங்கினார். அந்தக் கையில் முதலிலிருந்தே இருந்தது இரண்டுதான்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீங்க சம்பளத்தப் பத்தி மட்டுந்தானே தம்பி பேசினீங்க."

"சரி, இருபத்திரண்டு..."

"இருபத்தாறு தம்பி."

அப்பா அண்ணன் காதருகே குனிந்தார். "இருபத்திரண்டுக்கு முடி. வேலை தெரிஞ்ச ஆளு, விட்டுராத." முடிந்தது. பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு யாருப்பா தொழில் கத்துக் குடுத்தது?"

"நீங்கதான்ப்பா."

"நானா? இருக்காது."

அன்றைய கணக்கு: மாத்திரை இரண்டு, குளியல் ஒன்று, தட்டு காலி. விடுதி முன்பணம் நட்டம். பிள்ளைகள் இரண்டு, அடையாளம் தெரிந்தது பூஜ்யம். அந்தப் பாக்கி நிற்கிறது.