ஒன்பது பேர் பின்னால்

1959 ஆடி மாதம். தென்காசியில் குற்றால சீசன் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், தென்காசி அணியின் கேப்டன் வீரபாகு தன் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். பட்டாளத்தில் ஏழு வருடம் ஆடித் திரும்பியவன். நாளைக்கு எதிரே ஆடப்போகும் செங்கோட்டைக்காரர்கள் போன வருடம் இவர்கள்மேல் ஆறு கோல் அடித்திருந்தார்கள்.

"ஒம்போது பேரு கோலுக்கு முன்னால ரெண்டு வரிசையா நிப்போம். ஒலி முகம்மது மட்டும் நடுக்கோட்டுல நிக்கட்டும். அவனுவ மொத்தமா ஏறி வரட்டும். பந்து கிடைச்சதும் ஒலி முகம்மதுக்குத் தூக்கி விட்டுருவோம். அதுவரைக்கும் அடிச்சா வாங்கிக்கிடணும். ஒருத்தனும் திருப்பி அடிக்கப்பிடாது. ரெஃப்ரி ஒரு ஆள வெளிய அனுப்பிட்டா வரிசை உடைஞ்சிரும்."

வீரபாகுவின் தம்பி குத்தாலிங்கம்தான் ஃபுல்பேக். ஆவணியில் போலீஸ் தேர்வுக்குப் போகவேண்டியவன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "கொன்னாலுமா அண்ணே?"

மறுநாள் சாரலில் மைதானம் சேறாகக் கிடந்தது. செங்கோட்டை ஃபார்வர்டு தாணு பூட்ஸ் போட்டிருந்தான். இவர்களில் பாதிப்பேருக்கு வெறுங்கால். அரைமணி நேரம் அலை அலையாக வந்தும் செங்கோட்டையால் அந்த இரண்டு வரிசையைத் தாண்ட முடியவில்லை. "பேடிப்பயலுவளா, ஏறி ஆடுங்கலே!" என்று சொந்த ஊர்க்காரர்களே கத்தினார்கள். பொறுமை இழந்த தாணு பந்தை விட்டுவிட்டு ஆளை உதைக்க ஆரம்பித்தான்.

இடைவேளைக்குப் பிறகு அவன் முழங்கை குத்தாலிங்கத்தின் வாயில் இறங்கியது. இரண்டு பல் போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குத்தாலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். வீரபாகு குறுக்கே விழுந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தம்பியின் கன்னத்தில் அறைந்தான்.

"போயி நில்லுலே உன் இடத்துல."

குத்தாலிங்கம் போய் நின்றான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, தாணு காலிலிருந்த பந்தைக் குத்தாலிங்கம் தட்டிப் பறித்தான். அடுத்த கணமே தாணு இரண்டு பூட்ஸையும் சேர்த்து அவன் முழங்காலில் குதித்தான். முருங்கைக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. பந்து உருண்டு வீரபாகுவிடம் வந்தது.

"அண்ணே!" என்று அலறினான் குத்தாலிங்கம்.

வீரபாகு திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி ஒலி முகம்மது எங்கே என்று பார்த்தான். ஓங்கி உதைத்தான்.

செங்கோட்டை ஆட்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் இருந்தார்கள். அந்தப் பாதியில் கோல் காக்கிற கோலியைத் தவிர யாருமில்லை. ஒலி முகம்மது பந்தோடு ஓடினான். கோலி பாய்ந்து வந்து அவன் விலாவில் இடித்தான். ஒலி முகம்மது குப்புற விழுந்தபோது பந்து கோல் கோட்டைத் தாண்டியிருந்தது.

உடனே கல் பறந்தது. குடைக்கம்புகளோடு கூட்டம் உள்ளே புகுந்தது. ரெஃப்ரியின் மண்டை உடைந்தது. வீரபாகு ஓடிவந்து தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

குத்தாலிங்கம் படுத்தபடியே அண்ணன் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினான். வீரபாகு கையை உயர்த்தவில்லை. தம்பியின் கை ஓய்ந்தபிறகு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கல்மழைக்குள் நடந்தான். ஆஸ்பத்திரி வாசலை அடைகையில் வீரபாகுவின் பிடரியிலும் ரத்தம் வழிந்தது.

ஆட்டம் அத்தோடு நின்றாலும், அந்த ஒரு கோலை வைத்துக் கோப்பையைத் தென்காசிக்கே கொடுத்தார்கள். குத்தாலிங்கத்தின் கால் நேராகவில்லை. போலீஸ் தேர்வுக்குப் போகவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது மாதம் அண்ணனிடம் பேசவில்லை.

மறு வருடம் கேப்டனாக வரமாட்டேன் என்று வீரபாகு சொல்லிவிட்டான். அணியை யார் பழக்குவது என்று ஆட்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, குத்தாலிங்கம் கம்பை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கோலுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தினான்.

"எங்க அண்ணன் சொன்ன ஆட்டம்தான்," என்றான். "அதுலதான் ஜெயிச்சோம். வேற ஆட்டம் எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து யாரோ அதைச் சொன்னபோது வீரபாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தான்.