பிசிறு வேண்டுமென்று வந்தவர்

எங்கள் சமையலறைக்கும் சௌந்திரத்தின் ரேடியோ கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் அங்கே நடப்பதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வது அநியாயம். குழம்பு கொதிக்கும்வரை சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. காது தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

எடப்பாடியில் ரேடியோ, டேப், மைக்செட் எது வாயை மூடிக்கொண்டாலும் சௌந்திரத்திடம்தான் வரும். அவள் அண்ணன் மருதாசலம் தபால் வழியில் படித்துத் திறந்த கடை அது. அவன் லாரி ஆசை பிடித்து நாமக்கல்லுக்குப் போய்விட, கூட உட்கார்ந்து பார்த்துப் பழகிய தங்கை, ஈயம் பற்றவைக்கும் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள். முப்பத்தோரு வயது. ஜாதகத்தில் செவ்வாய். நானே மூன்று வரன் கொண்டுபோனேன். மூன்று வீட்டாரும் ஜாதகத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை.

கடைப் பலகையில் அவளே எழுதிய வரி ஒன்று உண்டு: ‘பிசிறில்லாத சத்தம்.’ பிசிறு என்றால் என்ன என்று எங்கள் நெசவு ஊருக்குச் சொல்லித் தர வேண்டாம். நூலில் பிசிறு எழுந்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு அறும், தறி நிற்கும், முதலாளியின் வாயில் விழ வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அந்தக் கடைக்குச் செங்கோடன் வந்தார். பகலில் தறிகளுக்குப் பாவு ஓட்டுகிறவர். சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் கிடார். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு முன்மண்டை காலியாகியிருந்தது. இதெல்லாம் நான் தேடிப்போய் விசாரித்ததில்லை. நாலு பேரைக் கேட்டேன், சொன்னார்கள்.

“ஏனுங்க, இந்த ஆம்ப்ளிபயர்ல சத்தம் ரொம்பச் சுத்தமா வருதுங்க” என்றார்.

“சரிங்க. கோளாறு என்னங்க?”

“அதுதானுங்க கோளாறு.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ளிபயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் விளக்கினார். ஏதோ ஒரு கேசட்டில், பாட்டுக்கு நடுவே கிடார் தொண்டை அடைத்துக்கொண்டு பேசுகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லையாம்.

“இது வழவழன்னு ஒத்த நூலா வருதுங்க. எனக்குப் பிசிறு வேணும். ஆனா அறுந்து போகக்கூடாது.”

“பிசிறு எடுக்கத்தானுங்க நான் கடையே வெச்சிருக்கறேன்.”

“தெரியுமுங்க. எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான வெக்கவும் தெரியும்?”

இந்த மனுஷனுக்குப் பேசத் தெரிகிறதே என்று நான் அடுப்பைத் தணித்தேன்.

முதலில் வால்யூமை முழுக்கத் திருகிப் பார்த்தார்கள். தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் வந்து, என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“வால்வு செட்டா இருந்தா மெதுவாக் கரையுமுங்க” என்றாள் சௌந்திரம். “இது டிரான்சிஸ்டரு. அளவு மீறுனா அருவா போட்ட மாதிரி ஒரே வெட்டு. அதக் கடைசியில வெட்ட உடக்கூடாது. முன்னாலயே நாமளாக் கொஞ்சம் மழுக்கி உடோணும்.”

எப்படி மழுக்குவதென்றால், டையோடு என்று ஒன்று இருக்கிறதாம், அரிசியைவிடச் சற்றுப் பெரிசு. இரண்டை எதிரும் புதிருமாக வைத்தால், சத்தத்தின் மேல்முனையை ஒன்றும் கீழ்முனையை ஒன்றும் தேய்த்துவிடுமாம். முதல் வாரம் வைத்தவை முள்ளாகக் குத்தின. வேறு வைத்தாள். அதுவும் முள். இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது.

“இன்னும் கொஞ்சம் வேணுங்களா?”

“இன்னும் கொஞ்சமுங்க.”

“இப்ப?”

“அய்யோ, போதுமுங்க.”

வெறும் சுவரை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் நினைப்பாள்? உப்புக் கடன் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்திருந்தது. நடுவில் மேசை. அந்தப் பக்கம் அவர் கிடாரோடு, இந்தப் பக்கம் இவள் ஈயப்புகையோடு. ரேடியோ கடையில் உப்பு ஏது என்றுகூட இருவரும் கேட்கவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பினேன்.

மார்கழியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு வேளையில், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சௌந்திரம் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்கும்போது தன் சொந்த ரேடியோவைத் திருப்புவாள். பத்து வருஷமாக அந்தப் பாட்டில்தான் நானும் சோறு வடிக்கிறேன். ஓடிப்போய்க் கேட்டேன்.

“உன்ர ரேடியோவுக்கு என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்க்கா. பழைய கண்ணாடி டையோடுதான் மெதுவா மழுக்குது. ஒண்ணு உடைசல்ல கெடச்சுது, இன்னொண்ணு இதுல இருந்துச்சு. அதுக்குச் சோடி வேணுமில்லீங்களா?”

சோடி வேண்டுமில்லையா என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வந்தது அந்தச் சத்தம். கரகரவென்று, ஆனால் முழுசாக. நெஞ்சில் எதையோ வைத்துக்கொண்டு ஒரு ஆள் பேசுவதுபோல. நீட்டினால் நீண்டுகொண்டே போனது.

கடைசியில் அவர்தான் சொன்னார். “ஆராவது கேட்டா, சேலத்துல ரிப்பேர் பாத்ததுன்னு சொல்லிப்போடறேனுங்க. உங்க பலகைக்குக் கெட்ட பேரு வேண்டாம்.”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. கடைக்கு வருகிற வேலையில் பாதி, மைக்செட் தங்கசாமியுடையது. அவர் ‘சௌந்திரத்துக்குக் கை போச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால், மறுநாளே கதவைச் சாத்த வேண்டியதுதான்.

“சரிங்க” என்றாள். குரல் அவ்வளவு சரியாக இல்லை.

இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறே பேரிடம்தான் சொன்னேன்.

காணும் பொங்கலன்று பள்ளிக்கூட மைதானத்தில் உறியடி, சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்து, வெயில் தணிவதற்குள் மெல்லிசை ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் செங்கோடன் காலடியிலிருந்த சுவிட்சை மிதித்தார். சத்தம் வந்தது. நாலு தடவை மீட்டுவதற்குள் தங்கசாமி பாய்ந்து போய் வயரைப் பிடுங்கிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டார்.

“ஆம்ப்ளிபயர் அவுட்டுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஏம்ப்பா செங்கோடா, இத எங்க ரிப்பேர் பாத்தே?”

“சேலத்துலீங்க” என்றார் செங்கோடன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“எவனோ நல்லாக் கெடுத்து வெச்சிருக்கறான். உள்ளூர்லயே நம்ம சௌந்திரம் இருக்குது. அதுகிட்டக் குடுத்திருந்தா கண்ணாடி மாதிரிப் பண்ணிக் குடுத்திருக்கும்.”

இத்தனையும் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. பெண்கள் பக்கம் ஆறு தலைகள் மெல்லத் திரும்பி சௌந்திரத்தைப் பார்த்தன. அந்த ஆறு பேர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே மேடை வரைக்கும் நடந்தாள்.

“தங்கசாமியண்ணா, அது கெட்டுப் போகலீங்க. நாந்தான் அப்படி வெச்சுக் குடுத்தேன்.”

மைக் அவர் கையில் இருந்ததால் அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

“தெரிஞ்சேவா சாமி?”

“தெரிஞ்சேதானுங்க. வயர மாட்டுங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. சரியில்லேன்னா நாளைக்கே உங்க செட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

தங்கசாமி வயரை மாட்டினார். செங்கோடன் அவளைப் பார்த்தார்; பார்த்துக்கொண்டே வாசித்தார். வாரம் ஆறு நாள் தறிச் சத்தத்தில் கிடக்கிற சனம் அது. மெல்லிய சத்தமெல்லாம் அவர்கள் காதில் பட்டுவிட்டுப் போய்விடும். இது போகவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர், நல்லது கெட்டது எதற்கும் வாய் திறக்காதவர், “இன்னொருக்கா அடிக்கச் சொல்லு” என்றார். பின்னால் நாலைந்து பேரும் அதையே கேட்டார்கள்.

இரண்டாம் தடவையும் முடிந்தபிறகு தங்கசாமி பிடரியைச் சொறிந்தார். “என்னமோ நல்லாத்தான் இருக்குது. என்ர செட்டுல மட்டும் இத வெச்சுப்போடாத சாமி. பஞ்சாயத்துத் தலைவர் பேசறதுக்கு ஆகாது.”

திரும்பி வரும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் நாலு பேர்கிட்ட வாயை உட்டதுனாலதான் நீ எந்திரிக்க வேண்டியதாப்போச்சு, கண்ணு.”

“ஆறு பேருங்க்கா” என்றாள். “நீங்க சொல்லாம இருந்திருந்தாலும் எந்திரிச்சிருப்பேன். பண்ணுனது நானு. பேரு சேலத்துக்குப் போனா எப்படிங்க?”

அடுத்த வாரம் செங்கோடன் காலை பஸ்ஸில் சேலம் போனது எனக்குத் தெரியும். மத்தியானம் திரும்பி நேராகக் கடைக்கு வந்ததும் தெரியும். அவர் நீட்டிய தீப்பெட்டியை, தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் பாசிமணி மாதிரி ஒரு கண்ணாடி டையோடு.

“உங்க ரேடியோவுக்குங்க” என்றார். “அதுல இருந்து எடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். கஞ்சி வடிந்து முடிவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடியது. தூக்குப்போசி ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்று.