ஆடாத தகடு

என் வீட்டுக்காரன் ஆரின் போன வசந்தத்தில் என்னை நம்புவதை நிறுத்திவிட்டான். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கெட்டுப்போனது அவன் கண். அவன் இவன் என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என் ஜடையில் பிசினை ஒட்டியவனுக்கு அதற்கு மேல் மரியாதை எனக்கு வராது.

சர்க்கரை நோய் பார்வையை அரித்துவிட்டது. எதிரே நிற்கும் மாடு தெரியும், அதன் காதில் தொங்கும் எண் தெரியாது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் நூறு கெஜத்தில் ஒட்டிய வெள்ளைக் காகிதம் தெரியும், அதில் தோட்டா போட்ட ஓட்டை தெரியாது. பக்கத்தில் கண் தெரிந்த ஆள் நின்றால் சுடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆள் நான்தான். எங்கே பட்டது என்று ஒவ்வொரு குண்டுக்கும் சொல்வேன். ஒருநாள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்.

"வெர்லா, நான் மனசு ஒடஞ்சுடக் கூடாதுன்னுதானே இதெல்லாம் சொல்ற?"

"பட்டதைப் பட்டுதுன்னு சொல்றேன்."

"எல்லாம் நடுவுலயே படுதாக்கும். நல்லா இருக்கு கதை."

அன்றைக்கு உறையில் போட்ட துப்பாக்கிதான். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை பக்கத்துப் பண்ணை கிளிஃபர்ட்டின் மேய்ச்சல் நிலத்தில் எங்கள் ஊரே கூடி இலக்கு வைத்துச் சுடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதைத் தவறவிடாதவன், இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டான். பிறகு காப்பிக் கடைக்கும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தான். இப்படியே அந்த நாற்காலியோடு ஒட்டிப்போய்விடுவான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் இரும்பு இலக்கு ஞாபகத்துக்கு வந்தது. பட்டால் கணீரென்று ஒலிக்கும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். இரும்புக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது.

என் தம்பி டெல்வினிடம் சொன்னதுதான் தாமதம், பழைய தானியத் தொட்டியிலிருந்து அறுத்த தகடு ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிறவன் அவன்.

"இது மிருதுவான இரும்புடா. குண்டு பட்டா குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழியில பட்டா சில்லு நம்ம பக்கமே திரும்பி வரும். போன வருஷம் கிளிஃபர்ட் வண்டிக் கண்ணாடி எப்படிப் போச்சுன்னு நினைக்கிற?"

"கல்லு தெறிச்சுதுன்னு சொன்னானே, அக்கா."

"வேற என்ன சொல்லுவான், பெண்டாட்டி கிட்ட?"

இலக்குக்கென்றே பதப்படுத்திய கெட்டித் தகட்டைத் தருவித்தேன். பெரிய சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில் சதுரம், விரல் கனம். வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். நிறுத்துகிற வேலையை டெல்வின் கேட்டு வாங்கிக்கொண்டான். எங்கள் மேய்ச்சல் நிலத்து மண்மேட்டுக்கு முன்னால் பழைய தண்டவாளக் கட்டைகள் இரண்டை நட்டு, மேலே குறுக்குக் கம்பி போட்டு, நடுவில் தடித்த பலகை அடித்து அதில் தகட்டை மாட்டினான். தெறிக்கும் சில்லு தரையைப் பார்த்து இறங்கும்படி தகட்டின் தலையை முன்னால் சாய்த்திருந்தான். நான் குறை சொல்ல இடமில்லை.

ஆரினைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், "இந்த ஒரு தடவை. சத்தம் வரலேன்னா துப்பாக்கியை டெல்வினுக்குக் குடுத்துடுவேன், நீ குறுக்க பேசக் கூடாது" என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

கண்ணாடி போட்டோம். காதுக்கு, வெடியை அடக்கிப் பேச்சை உள்ளே விடுகிற மூடிகளை மாட்டினோம். ஆரின் மூச்சைப் பாதியில் நிறுத்திச் சுட்டான். தகட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சுட்டான். காற்றுதான் கேட்டது. மூன்றாவதற்கும் அப்படியே. என் தொலைநோக்கியில் வெள்ளைத் தகட்டில் மூன்று சாம்பல் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

"பட்டுது ஆரின். மூணும் பட்டுது."

"போதும் வெர்லா."

குண்டை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மேஜையில் வைத்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. அவன் குரலில் ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"என்னை நம்ப வேண்டாம். வந்து நீயே பாரு."

நூறு கெஜமும் இழுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே டெல்வின் வந்தான். ஆரின் மூக்கு தகட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். பெயின்ட் பறந்து மூன்று இடத்தில் இரும்பு தெரிந்தது. விரலால் தடவினான். குழியில்லை, பெயின்ட் தூள்தான் விரலில் ஒட்டியது. விரல் முட்டியால் தகட்டைத் தட்டினான். மூட்டைமேல் தட்டினது போல மொத்தென்றது. கை மெதுவாக விளிம்புக்குப் போய் மூலைக்கு மூலை தடவியது.

"டெல்வின், எத்தனை போல்ட்டுடா போட்ட?"

"நாலு மூலைக்கும் போட்டேன் மச்சான். பின்னால இன்னொரு கட்டையும் குடுத்திருக்கேன். நம்ம ஊரு காத்துக்கு இம்மி அசையாது."

குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் வயோமிங் மாநிலத்தில் பிறந்தவன் தபால்பெட்டியையே கான்கிரீட்டில் புதைப்பான். எங்கள் ஊரில் ஆடுகிற பொருள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

"ஆடினாத்தாண்டா மணி பேசும், மடையா" என்றான் ஆரின். மாதக்கணக்கில் நான் கேட்காத குரல். "ஸ்பானரைக் கொண்டா. டிராக்டர் பெட்டியில சங்கிலி கிடக்கும், அதையும் எடு."

பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பழுதுபார்த்தே காலம் தள்ளியவன். போல்ட்டைக் கழற்ற அவனுக்குக் கண் தேவைப்படவில்லை. பலகையை எடுத்து எறிந்தான். குறுக்குக் கம்பியிலிருந்து இரண்டு சங்கிலி விட்டு, தகட்டை அதே சாய்வில் தொங்கவிட்டான். ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டியதும் அது நின்று ஒலித்தது. தகடு சிலிர்த்து அடங்கும்வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான்.

மேஜைக்குத் திரும்பினோம். ஆரின் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினான். காற்று ஓயக் காத்திருந்தான், அது ஓயவில்லை, சுட்டான்.

கணீரென்ற ஒலி மேய்ச்சல் நிலம் முழுக்க நடந்து எங்களிடம் வந்தது. பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு" என்றான். "எனக்கே கேட்டுச்சு."

இன்னும் நான்கு முறை கேட்டது. ஆறாவது கேட்கவில்லை.

"அது போச்சு" என்றான், என் பக்கம் திரும்பி. சிரித்துக்கொண்டிருந்தான். "இல்லையா?"

"போச்சு" என்றேன். "வலப்பக்கம், ஒரு கை தள்ளி."

"ஆமா, விசையை இழுக்கும்போதே தெரிஞ்சுது" என்று அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டான். "கிளிஃபர்ட்டுக்கு போன் பண்ணு, வெர்லா. திங்கக்கிழமை வர்றோம்னு சொல்லு. அவன் தகடெல்லாம் ஆடுதான்னும் கேட்டுக்கோ."