அவைக்குறிப்பில் ஏறாத குரல்

வெயிலின் வெம்மை தணிந்து அதன் பொன்னிறம் மட்டும் எஞ்சி நின்ற பிற்பகல் வேளையிலே, நகரை இரு கூறாக வகுத்துக்கொண்டு ஓடும் பேராற்றின் குறுக்கே புதிதாய் எழுந்த பாலம், தன் நெடிய நிழலைக் கலங்கிய நீரின்மேல் கிடத்தியிருந்தது. அதன் ஒரு கரையில் படகுத் துறையும், துறையை அடுத்துக் கிடங்குகளும், அவற்றுக்கப்பால் கூரையோடு கூரை உரசும் தெருக்களும் விரிந்து கிடக்க, அத்தெருக்களெல்லாம் ஏறிச் சென்று முடியும் மேட்டிலே வெண்கல் தூண்கள் தாங்கிய பேரவை மாளிகை வீற்றிருந்தது. உயர்ந்த சாளரங்களின் வழியே சரிந்த ஒளி, உண்ட மயக்கத்தில் கண்செருகிய உறுப்பினர்களின் வழுக்கைத் தலைகளை வேறுபாடு பாராது தடவிச் சென்று, அவை நடுவே உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருந்த முதியவளின் கைச் சுத்தியல்மேல் வந்து நின்றது. அவள் அப்பேரவையின் தலைவி. அன்று அவள் பதவியின் இறுதி நாள்.

கற்றறிந்த வாசகரே, இவளை நீர் பிறவித் தலைவியென்று எண்ணிவிடலாகாது. கணவரின் அச்சுக்கூடத்துப் பின்கட்டில் மை படிந்த விரல்களோடு தாள் மடித்துக்கொண்டிருந்தவள் இவள். தெருவுக்குக் குடிநீர் வேண்டி நகராட்சிப் படிகளில் அமர்ந்தாள். அமர்ந்தவளைக் காவலர் இழுத்துச் சென்றார்கள். இழுத்துச் சென்றதாலேயே ஊர் அவளை அறிந்தது. பேச எழுந்தால் நா உலர்ந்துபோகும் அந்நாளில், அவளுக்காகத் தெருத்தெருவாய் நின்று முழங்கியவள் அவளுடைய நாத்தனார். ஒலிபெருக்கியை நாணச் செய்யும் குரல் வாய்த்திருந்தமையால் வெண்கலம் என்றே ஊரார் அவளை அழைத்தனர். அண்ணியின் பெயரை ஆற்றங்கரைக் குடிசைகளில் கொண்டு சேர்த்தது அக்குரல்; அண்ணியைப் பேரவைக்குள் ஏற்றிவைத்ததும் அதுவே. பின்னாளில் வெண்கலமும் அந்த ஆற்றங்கரையின் உறுப்பினராய் அவைக்கு வந்தாள். வந்த சில ஆண்டுகளில் தொண்டையில் ஒரு கட்டி முளைக்க, அறுத்தெடுத்த மருத்துவர் கட்டியோடு குரலையும் எடுத்துக்கொண்டார். காற்றுப் போன துருத்திபோல் ஒரு கரகரப்பே அவளுக்கு மிஞ்சியது.

அப்போதுதான் ஆற்றங்கரைக் குடியிருப்பை அகற்றும் மசோதா வந்தது. தலைவி இருக்கை ஏறிய முதல் ஆண்டு அது. அவ்வவையில் குரல் வாக்கே வழக்கம். ஏற்போர் ஆம் என்பர், மறுப்போர் இல்லை என்பர், எது ஓங்கியதோ அதைத் தலைவர் அறிவிப்பார். ஆயின் ஒரே ஓர் உறுப்பினர் எண்ணிக்கை கோரினாலும், மணியடித்துக் கதவடைத்துத் தலை எண்ணியே தீரவேண்டும். ஆளுங்கட்சியிலேயே பலர் மனம் கசந்து வெளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தனர். எண்ணினால் ஆதரவு குறைந்து மசோதா தோற்கும், தோற்றால் தலைவியின் இருக்கையும் ஆட்டங்காணும். ஆம் என்னும் முழக்கம் அடங்கிய கணத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு கரகரப்பு எழுந்தது.

"இல்லை. எண்ணிப் பாருங்க, அண்ணி."

அவையில் பேசுவோர் 'தலைவர் அவர்களே' என்று விளிக்க வேண்டும். அவ்வாறு விளிக்காத சொல் அவைக்குறிப்பில் ஏறாது. பாவம், வெண்கலம் பதற்றத்தில் வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டாள். தலைவி அந்தப் பிழையைப் பற்றிக்கொண்டாள். அண்ணியைத்தானே அழைத்தாள், தலைவியை அழைக்கவில்லையே என்று தன் நெஞ்சுக்கு ஒரு சமாதானம் சொல்லி, நிமிர்ந்து பாராமல் சுத்தியலைத் தட்டினாள். மசோதா நிறைவேறிற்று. கரையோர மக்களை நகருக்கப்பால் நீரற்ற கற்குழி நிலத்தில் கொண்டுபோய் இறக்கினர். வெண்கலமும் அவர்களோடு சென்றாள். அடுத்த மழை வருமுன்னர் அங்கேயே கண்மூடினாள். தங்கையைத் தகனம் செய்து திரும்பிய கணவர், அச்சகத்து வாயிலில் நின்று ஒரே ஒருமுறை கேட்டார்.

"அவ அன்னைக்கு எண்ணச் சொன்னாளாமே?"

"எனக்குக் கேக்கலைங்க," என்றாள் அவள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு அப்பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் முழக்கம் ஓய்ந்த பின்னர், எல்லாரும் வாய்மூடிய பின்னர், அந்தக் கரகரப்பு கடைசி வரிசையிலிருந்து அவளை அண்ணி என்று அழைத்தது. பட்டப்பகலில், விளக்கெரியும் அவையில், நூறு பேர் நடுவே அழைத்தது. அவள் சுத்தியலை ஓங்கியபடியே உறைந்திருப்பாள். "அம்மாவுக்குச் சத்தம் கொஞ்சம் மெதுவாத்தான் காதுக்கு வந்து சேரும்" என்று உறுப்பினர்கள் தமக்குள் கேலி பேசினர். நாளடைவில் கேலி புகழாயிற்று. கடைசிக் குரலுக்கும் காத்திருக்கும் நடுவுநிலையாளர் என்று நாடு அவளைக் கொண்டாடியது. பாராட்டு வளர வளர அவள் உறக்கம் தேய்ந்தது.

இனி, இறுதி நாளுக்கு வருவோம். முதலமைச்சர் எழுந்து, புதிய பாலத்துக்குத் தலைவியின் பெயரையே சூட்டவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அப்பாலத்தின் தூண்கள் ஊன்றியிருந்த இடமோ அகற்றப்பட்ட குடியிருப்பின் அடுப்படிகள். ஆம் என்று அவை முழுதும் அதிர்ந்தது. "மறுப்போர்?" என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். குரல் வந்தது.

அவள் எழுந்தாள். "மறுப்பு ஒன்று கேட்டது, எண்ணிக்கையும் கோரப்பட்டது. கதவுகளை அடையுங்கள்," என்றாள்.

அவைச் செயலாளர் ஓடிவந்து, "யாரும் எந்திரிக்கலையேம்மா," என்று காதோரம் முணுமுணுத்தார். அவள் சுத்தியலைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு, தலைவர் பதவியை அக்கணமே துறப்பதாக அறிவித்து, முழங்கால் நோக இறங்கி, கடைசி வரிசையில் வெண்கலம் அமர்ந்திருந்த இருக்கையின் முன் போய் நின்றாள்.

"தலைவர் அவர்களே, நான் மறுக்கிறேன். கரையோர மசோதா வந்த அன்று இந்த இடத்திலிருந்து எண்ணிக்கை கோரப்பட்டது. அது என் காதில் தெளிவாக விழுந்தது. விழாததுபோல் இருந்துவிட்டேன். அந்தப் பாலத்துக்கு என் பெயர் வேண்டாம்."

அவை திகைத்தது. பிறகு எங்கோ ஒருவர் கைதட்டினார். அனைவரும் எழுந்து நின்று தட்டினர். "என்ன ஒரு பெருந்தன்மை," என்றார் பக்கத்து இருக்கைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒரே ஒரு மறுப்போடு தீர்மானம் நிறைவேறியது. தன் குற்றத்தைச் சொன்னதற்கும் மாலை விழுந்ததைக் கண்டு அவள் உள்ளம் கூசியது.

விளக்கேற்றும் நேரத்தில் வீடு சேர்ந்தாள். கணவர் மூடிக்கிடந்த அச்சுக்கூடத்தின் முன்னறையில், அவைச் செய்தி சொல்லி ஓய்ந்த வானொலியின் அருகே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அமர்ந்திருந்தார். அவள் மாலையைக் கழற்றிவிட்டு எதிரே அமர்ந்தாள். அவையில் உரக்கச் சொன்னதை இங்கே மெல்லத்தான் சொன்னாள்.

"ஏங்க, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்," என்றார் அவர். "நான் அன்னைக்கு அவையில பார்வையாளர் மாடத்துல கடைசி வரிசையில இருந்தேன். எனக்கே கேட்டுச்சு."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப, இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஊருக்குச் சொல்லிட்டு வந்து எனக்குச் சொல்ற."

அவர் எழுந்து உள்ளே சென்றார். சமையலறையில் ஒரு தட்டு மட்டும் எடுக்கும் ஓசை கேட்டது. அவள் தன் பழக்கப்படியே அசையாமல் காத்திருந்தாள், கடைசி வரிசைக் குரலுக்காக. அது வரவில்லை, கேட்கப்பட்டுவிட்ட குரல் மீண்டும் ஒலிக்க வேண்டியதில்லை போலும். இத்தனை காலமும் தன்னை வாட்டியது இறந்தவளின் அழைப்பென்றே நம்பியிருந்தவள், உயிரோடு ஒருவர் எதிரே அமர்ந்து நாள்தோறும் காத்திருந்ததை அப்போதுதான் அறிந்தாள். வெளியே புதிய பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. அண்ணி என்று அழைக்க இனி ஒருவரும் இல்லாத அந்த வீட்டில், உள்ளிருந்து அவர் ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று அவள் செவிசாய்த்திருந்தாள்.