மாசத்துக்கு ஒரு ஊசி

பத்ரிநாராயணனுக்குப் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரியவந்தது தொண்ணூற்றாறு ஐப்பசியில், நல்ல மழை நாளில். தி.நகர் நர்சிங் ஹோமில் டாக்டர் ஷாஹுல் ஹமீது பதறாமல்தான் சொன்னார். ஆண் ஹார்மோனை உரமாக்கிக்கொண்டு வளர்கிற நோய் இது. மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு அந்த ஹார்மோனையே அடக்கிவைக்கலாம்.

"ஊசி போட்ட புதுசுல ஹார்மோன் கொஞ்சம் ஏறிட்டுத்தான் இறங்கும். அந்தச் சமயத்துக்குத்தான் இந்த மாத்திரை, நானா சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. முதுகு வலி அதிகமானாலோ, கால் மரத்தாலோ, யூரின் அடைச்சாலோ உடனே வந்துடணும். அடுத்த தடவை வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"ஆத்துல யாரும் இல்லை டாக்டர்" என்றார் பத்ரி.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மயிலாப்பூர் வீட்டில் அந்த நேரம் ரங்கநாயகி அவருக்காக ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவளிடம் அவர் பேசுவதெல்லாம் காய்கறி, கரண்ட் பில், யார் வீட்டுக் கல்யாணம் என்பதோடு சரி. இதை எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது?

சட்டைப் பையில் மாத்திரையும் வாயில் பொய்யுமாகப் போய்வந்தார். லைப்ரரிக்கு என்பார். கால் மரத்திருக்கிறதா என்று தினமும் குளியலறையில் தாமே கிள்ளிப் பார்த்துக்கொள்வார். பயத்தைச் சொல்ல ஆள் இல்லை.

மார்கழியில் புதிதாக ஒன்று தொடங்கியது. ஊரே மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிந்த காலையில், அவருக்கு மட்டும் மார்பிலிருந்து குபீரென்று சூடு கிளம்பி முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அடங்கியதும் உடம்பு நடுங்கியது. காரணமில்லாமல் அழுகை முட்டியது. நான்காவது ஊசிக்கு அவர் போகவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் தனியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். போகட்டும், வந்தது வரட்டும் என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தவர் முன்னால் ரங்கநாயகி ஈரத்துண்டோடு வந்து நின்றாள். மின்விசிறியைப் போட்டாள்.

"கழுத்துக்குப் பின்னால வச்சுக்கோங்கோ. சீக்கிரம் அடங்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுல வந்ததே. மூணு வருஷம். அடுப்புகிட்ட நின்னுண்டு வேர்த்து வழிவேன். நீங்க வந்து தட்டு போடுன்னு சொல்லுவேள்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவும் இல்லை." அவள் குரலில் கோபம் இல்லை. "பொம்மனாட்டிக்கு வர்றது உங்களுக்கு ஏன்னா வந்தது?"

அவர் சொன்னார். நோயை, ஊசியை, தவறவிட்டதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் கடிந்துகொண்டார். "வேர்க்குதுன்னு ஊசியைத் தள்ளிப்போடலாமா? மருந்து வேகம் குறைஞ்சா ஹார்மோன் திரும்ப ஏறும், கூடவே நோயும். தொந்தரவை எங்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வழி பார்க்கலாம். இந்த ஊசியால எலும்பு வேற மெலியும். தினம் நடக்கணும், சுண்ணாம்புச் சத்துக்கு எழுதித் தரேன்." பிறகு ரங்கநாயகியைப் பார்த்தார். "நீங்க?"

"இவரோட ஆம்படையா."

"வீட்டுல யாருமில்லைன்னு சொன்னாரே..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். பின்னால் கம்பியைப் பிடித்து நின்ற அவர் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். லஸ்ஸில் இறங்கும் வரைக்கும் அவள் திரும்பவில்லை. 'யாருமில்லை' என்ற அந்த வார்த்தையைப் பற்றி வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு ஒரு ஊசியும் தவறவில்லை. ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு இறங்கியது. ஒவ்வொரு மாசமும் அவள் கூட வந்தாள்; நர்சிங் ஹோம் வராந்தாவில் அவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

ஆடி மாசத்தில் ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தவர், "இன்னிக்கு ரொம்ப வலிக்கறது ரங்கம்" என்றார்.

"எங்கே?" என்று கேட்டு, அவள் நகர்ந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.