அசையாமல் இருந்த மணல்மேடு

மணல்மேடு நடப்பதை நிறுத்திய காலையில் அதன் முன்னால் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர், கேமராவைப் பிடித்திருந்த அவருடைய மூத்த மகள், ஜீப்பை ஓட்டிவந்த அவள் கணவன், சாலைத்துறைப் பொறியாளர், அவருடைய அளவுகோலைத் தூக்கிவந்த பணியாள். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்ட நாற்பது பேரும் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தார்கள்.

மேடு பிறை வடிவமானது. இரண்டு கொம்புகளையும் நெடுஞ்சாலையை நோக்கி நீட்டிக்கொண்டு, காற்றின் தயவில் வருடத்துக்குப் பதினைந்து தப்படி நடந்து வந்துகொண்டிருந்தது. சாலைக்கும் அதற்கும் அறுபது தப்படிதான் மிச்சம். சாலையை மாற்றிப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஆண்டுக்கு ஒரு தரம், அதே தேதியில், அதே கல்லருகே நின்று எடுத்த படம் துறைக்கு வேண்டியிருந்தது. வேலை ஸ்டுடியோவுக்கு வந்தது. மூன்று தலைமுறையாக முகங்களை மட்டுமே எடுத்த ஸ்டுடியோ அது. எடுத்த படத்தில் தூரிகை படாது. ஒரு படத்தைக் காட்டி அதுதான் இன்னொன்று என்று சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. உட்காரவைத்தவரை ‘முடிஞ்சுது, எந்திரிக்கலாம்’ என்று சொல்லி எழுப்பிவிடுவதும் அங்கே கண்டிப்பான முறை. ஒரு நீதிபதிகூட அந்தச் சொல்லுக்காக நாற்காலியில் விறைப்பாகக் காத்திருந்தார்.

மகள் அன்று எதிலும் குறை வைக்கவில்லை. மணலில் புதையாதிருக்க முக்காலியின் கால்களைக் காலி பால்டின்களுக்குள் நிறுத்தினாள். மேட்டின் முகத்தில் காலடி விழக்கூடாது என்று அளவுகோல்காரரைப் பின்பக்கமாகச் சுற்றிப் போகவைத்தாள். வெயில் பக்கவாட்டில் தாழ்வாக விழுந்து, உச்சி விளிம்பு கத்திபோலத் தெரியும்வரை பொறுத்தாள். இடது கொம்பின் மேல் ஒரு வண்டு குறுக்கே போய்த் தையல் போட்டதுபோல் ஒரு கோட்டை விட்டுச் சென்றது. அதுவும் இருக்கட்டும் என்று விட்டாள். இருபது வருடப் பழக்கம் வாயில் வந்தது. “கொஞ்சம் அசையாம இருங்க” என்று மேட்டிடம் சொல்லி, பொத்தானை அழுத்தினாள். அழுத்திய மறுகணம் காற்று தூக்கியடித்தது. கேமராவைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள்.

பாதி வழியில் பெரியவர் சொன்னார்: “அதை எழுப்பிவிடாம வந்துட்டியேம்மா.”

“மாமா, அது மணல்” என்றான் மருமகன்.

“உக்கார வெச்சா எழுப்பணும் மாப்ள. மணலா இருந்தா என்ன, மந்திரியா இருந்தா என்ன.”

வண்டி திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தின் பேரில் உள்ள குற்றம் இவ்வளவுதான். அதை அவர்கள் ஒருநாளும் மறுத்ததில்லை.

அடுத்த வருடம் போனபோது மேடு ஒரு சாண்கூட நகர்ந்திருக்கவில்லை. காற்று வழக்கம்போல வீசியிருந்தது. பக்கத்து மேடுகள் தங்கள் பதினைந்து தப்படியை நடந்து முடித்திருந்தன. வரிசையில் தூங்கிவிட்டவரைத் தாண்டிப் போவதுபோல் இரண்டு மேடுகள், சாலை வளைந்து விலகிப் போகும் பக்கமாக, அதைத் தாண்டியே போயிருந்தன. பறந்து வந்த மணல் அதன்மேல் படாமல் ஒதுங்கிப் போயிற்று. அலையலையான வரிகள் அப்படியே இருந்தன. வண்டு போட்ட கோடும் அப்படியே. பொறியாளர் மூன்று தரம் அளந்துவிட்டு ‘நகர்வு இல்லை’ என்று எழுதினார். மகள் படத்தை எடுத்து முடித்து, எழுப்பிவிட வாயெடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். “அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க. ரோடு பொழச்சுக் கெடக்கட்டும்.”

ரோடு பிழைத்தது. கல்லுக்குப் பின்னால், சாலையின் மறுகரையில் ஒரு டீக்கடை வந்தது. அதையொட்டி ஒரு பஞ்சர் கடை. பிறகு ஆறு வீடுகள். வருடங்கள் போயின. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் மகள் போய் மேட்டை எடுத்துவந்தாள். ஸ்டுடியோவில் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்கு மேட்டின் ஞாபகம் வரும். வேண்டுமென்றே சீக்கிரம் எழுப்பிவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு படங்கள் போனபின் பழைய பொறியாளர் ஓய்வு பெற்றார். புதிய அதிகாரி ஏழையும் மேசைமேல் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். படச்சட்டத்தை மேடு முழுதாக அடைத்திருந்ததால் படத்தில் வேறெதுவும் இல்லை. மகளைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏழு வருஷமா ஒரே பூச்சி ஒரே எடத்துல போகுதாம்மா? அதுக்கு வேற வேலையே இல்லையா?”

“பூச்சி அன்னைக்கே போயிடுச்சு சார். கோடுதான் இருக்கு.”

“ஒரு படத்தை எடுத்து ஏழு தடவை குடுத்திருக்கீங்க. எழுதி மேல அனுப்பப்போறேன்.”

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. எழுபத்தொன்பது வயதுப் பெரியவர் யாரையும் கூப்பிடாமல் ஏணி போட்டு ஏறி, ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே கழற்றி, உள்ளே சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். “பேர் சுத்தமாகிற வரைக்கும் இது வெளியில தொங்காது” என்றார். அன்றிலிருந்து வாசல் பக்கம் நாற்காலி போடுவதையும் நிறுத்திவிட்டார்.

“ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது” என்றான் கணவன். “ஆபீசரைக் கூட்டிட்டுப் போ. எந்திரிக்கலாம்னு சொல்லு. அவர் கண்ணு முன்னாலயே நடக்கும்.”

“ஏழு வருஷ நடை பாக்கி இருக்குங்க. மொத்தமா நூத்தஞ்சு தப்படி வெச்சா ரோடும் இருக்காது, டீக்கடையும் இருக்காது.”

டீக்கடை அம்மாள் அதற்குள் வாசலில் வந்து நின்றாள். “அக்கா, நீங்க பொய் சொல்ற ஆள் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பெரியவர் உள்ளேயிருந்து பேசினார். “அடுத்தவன் கூரையைச் சாய்ச்சுட்டு நம்ம பலகையை மாட்ட வேண்டாம். அதே சமயம், திருட்டுப் பட்டத்தோட நான் சாகவும் மாட்டேன். ரெண்டுக்கும் வழி பாரும்மா.”

எட்டாவது படத்துக்கான தேதியில் அதிகாரி பழைய ஏழு படங்களோடு வந்தார். பின்பக்கமாகச் சுற்றிப் போய், கொம்பின் மேல் குனிந்து, கோட்டைப் பார்த்தார். “நீங்களே குச்சியால போட்டிருப்பீங்க” என்றார். பெரியவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. முதுகை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கேமராவின் பின்னால் போய் நின்றாள். மேடு ஏழு வருடமாக அவளையே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. நேர்ப்படத்துக்கு உட்கார்ந்தவரிடம் பக்கவாட்டுப் படத்துக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள். “கொஞ்சம் எடது பக்கம் திரும்புங்க. ம்... இன்னும் கொஞ்சம். தோளை விறைக்காதீங்க. போதும்.”

கனத்த பீரோவைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. மேடு திரும்பியது. கொம்புகள் சாலையை விட்டு விலகி, ஒரு முட்செடிகூட இல்லாத வெட்டவெளியை நோக்கி நின்றன. அவள் படத்தை எடுத்தாள். “ரொம்ப காலம் உக்கார வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. முடிஞ்சுது, எந்திரிக்கலாம்” என்றாள். மேடு நீளமாக மூச்சு விட்டது. வரிகள் குலைந்தன, வண்டின் கோடு உதிர்ந்தது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுத்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. உச்சிவெயிலுக்குள் அது வெட்டவெளியில் நடந்து முடித்தது. அதிகாரி கூடவே நடந்து எண்ணினார். சரியாக நூற்றைந்து. நின்ற இடத்திலேயே, முழங்காலில் காகிதத்தை வைத்து, தன் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டு, ஜீப்பருகே போய்ப் பெரியவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பெரியவர் இரண்டு தரம் படித்துவிட்டு, தேதி விட்டுப்போயிருப்பதைக் காட்டி, போடச்சொல்லி வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பலகை வெளியே தொங்கியது.

மேடு இன்றும் வருடத்துக்குப் பதினைந்து தப்படி, சாலைக்கு இணையாக, காற்றுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது. வானிலை அலுவலகம் ஒருமுறை விளக்கம் கேட்டு எழுதியது. சாலைத்துறை நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று என இரண்டு படங்களை அனுப்பிவைத்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மகள் மேட்டின் முன் மண்டியிட்டு அழுது, குடும்ப மானத்தைக் காப்பாற்றும்படி கெஞ்சினாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள், அது கேட்கவேண்டிய மன்னிப்பு. மற்றபடி, படத்துக்கு வருகிற எவரிடமும் சொல்வதைத்தான் நின்றபடியே அதனிடமும் சொன்னாள்.