பீரில் நின்ற பால்மானி

பிரின்ஸுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வாயில் பிரஷ்ஷோடு பின்கட்டு அறைக்குப் போய் டிரம்மைப் பார்த்தான். காப்பி குடித்துவிட்டுப் பார்த்தான். குளித்துவிட்டுத் தலைகூடத் துவட்டாமல் வந்து பார்த்தான். டிரம்மின் மூடியிலிருந்து ஒரு டியூப் வளைந்து இறங்கி, பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கிக் கிடந்தது. நேற்று வரை அதன் முனையில் குபுக் குபுக்கென்று குமிழி வந்துகொண்டிருந்தது. இன்று ஒன்றையும் காணோம்.

டிரம்முக்குள் இருந்தது பீர். வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று அவனுக்கும் தெரியும், அவன் மனைவி அபிஷாவுக்கும் தெரியும். அக்கம்பக்கத்தில் வாசம் பிடித்துக் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போட்டிருக்கிறோம் என்று சொல்லச் சொல்லியிருந்தான். ஆடி மாதத்திலா கிறிஸ்துமஸ் ஒயின் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்ல என்றாள் அபிஷா. கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் அப்படித்தான், எல்லாமே அப்போதைக்கு அப்போது.

இந்த வம்பை அவன் ஆசைக்காக இழுத்து வைத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் பீர் காய்ச்சி விற்கிற ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஹோட்டலை இழுத்து மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டான். ராஜபாளையம் ரோட்டில் அவன் அப்பாவுக்கு ஒரு பெயிண்ட் கடை இருந்தது. கல்லாவில் வந்து உட்கார், அது போதும் என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பெயிண்டில் கலக்கிற அந்தத் தின்னர் வாடை இருக்கிறதே, அது மூக்கில் ஏறினால் பிரின்ஸுக்கு மண்டை இடித்தது. அதைவிட, ஆயுசு பூராவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்கிற நினைப்பு இடித்தது.

இந்த நேரத்தில்தான் பெங்களூரில் இன்னொரு இடத்திலிருந்து இண்டர்வியூவுக்கு அழைத்தார்கள். வெறும் கையோடு வராதே, நீயாகக் காய்ச்சினதில் ஒரு பாட்டில் கொண்டு வா, குடித்துப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். திங்கட்கிழமை காலையில் அங்கே நிற்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் பஸ். பீர் நன்றாக வந்தால் பெங்களூர், வராவிட்டால் தின்னர். அவ்வளவுதான் விஷயம்.

காய்ச்சின அன்றே அபிஷா ஆசையாக ஒன்று கேட்டாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பீர் தேய்த்துக் குளித்தால் நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சர் கோகிலா சொன்னாள், எனக்கு ஒரு பாட்டில் தருவீர்களா என்றாள். இது என்ன சீயக்காயா என்று வள்ளென்று விழுந்தான் பிரின்ஸ். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விட்டாள்.

குமிழி நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இனிப்பு கரைந்திருக்கிற வரைக்கும் பீர் கனமாக இருக்கும். புளிக்க வைக்கிற ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்னத் தின்ன லேசாகிக்கொண்டே வரும். கண்ணாடி மானி ஒன்றை அதில் மிதக்கவிட்டால், கனமாக இருக்கும்போது மேலே நிற்கும், லேசானால் ஆழத்தில் இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோட்டைப் பார்த்தால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டதா, பாதியில் படுத்துவிட்டதா என்று தெரிந்துபோகும். பிரின்ஸிடம் நல்ல மானி இருந்தது. அதை எடுத்துக் கழுவப் போனான். கை சும்மா இருந்தால்தானே? நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுக்குநூறாயிற்று.

புதிதாக வரவழைக்கலாமென்றால் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா. ரதவீதி முழுக்கத் தலைதான் தெரிகிறது, கூரியர் ஆபீஸுக்கு உள்ளூர் விடுமுறை. அப்போதுதான் பால்மானி ஞாபகம் வந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே மாதிரி மானியால்தானே! மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பால் எடுக்கிற வேல்ராஜ் அவனோடு படித்தவன். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். வீட்டுக்கு வருகிற பால் தண்ணீராக இருக்கிறது, ஒரு கை பார்க்க வேண்டும் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான்.

“ஏலே, எங்க பாலையா சந்தேகப்படுதே?” என்று வேல்ராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் மானியைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு எவர்சில்வர் டம்ளரில் பீரைப் பிடித்துப் பால்மானியை உள்ளே விட்டான். அது காட்டிய கோட்டைக் குனிந்து பார்த்தான். பாதி இனிப்பு அப்படியே இருக்கிறது. ஈஸ்ட் படுத்துவிட்டது. மறுநாள் பார்த்தான், அதே கோடு. சாயங்காலம் பார்த்தான், அதே கோடு. நாக்கில் விட்டுப் பார்த்தான், இனிக்கிற மாதிரிதான் இருந்தது. மானி சொன்ன பிறகு நாக்கு மாற்றியா சொல்லும்?

பிறகு நடந்ததைக் கேட்டால் வயிற்றெரிச்சல். ஈரச்சாக்கு சுற்றிக் குளுகுளுவென்று வைத்திருந்த டிரம்மைச் சூடு பட்டால் எழுந்திருக்கும் என்று மொட்டைமாடிக்குத் தூக்கினான். ஆடி வெயில், கேட்க வேண்டுமா? எழுந்திருக்கவில்லை. மூடியைத் திறந்து கரண்டியால் கலக்கினான். பேக்கரியில் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டைக் கெஞ்சி வாங்கிவந்து கொட்டினான். அதற்குத் தீனி வேண்டுமே என்று சீனியைக் கரைத்து ஊற்றினான். இப்போது குமிழி வந்தது. வெறி பிடித்த மாதிரி வந்தது. ஆனால் டம்ளரில் மானி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ராத்தூக்கமும் போயிற்று. அது பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுவிடுங்கள் என்று அபிஷா சொல்லிப் பார்த்தாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உடம்பு மட்டும்தான் இருந்தது. வந்த வேகத்தில் மாடியேறி, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமென்று டம்ளரில் பீரைப் பிடித்தான். அதே கோடு. சலித்துப்போய் பீரைக் கீழே ஊற்றிவிட்டு, கழுவுவதற்காக டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மானியை அதற்குள் போட்டான். டிங்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தான். தண்ணீரிலும் அதே கோடு.

வெறும் பச்சைத் தண்ணீர். அதில் ஏது இனிப்பு? பிரின்ஸ் மானியைத் தூக்கினான், மறுபடி விட்டான். டிங். அது மிதக்கவே இல்லை. பாலுக்கென்று செய்த மானி, தண்ணீர் மாதிரி லேசான எதிலும் நேரே அடிக்குப் போய்விடும். டம்ளரோ குட்டை டம்ளர். அடியில் காலை ஊன்றிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, எதை ஊற்றினாலும் அதே கோட்டைத்தான் காட்டியிருக்கிறது. அப்படியென்றால் பீர் பாதியில் நிற்கவே இல்லை. குமிழி நின்ற அன்றைக்கே அது தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. சும்மா இருக்காதவன் இவன்தான்.

டிரம்மின் மூடியைத் திறந்தான். குப்பென்று அடித்தது வாடை. தின்னர். சாட்சாத் அப்பா கடைத் தின்னர் வாடை. வெயிலும் சீனியும் ரொட்டி ஈஸ்ட்டும் சேர்ந்து அதை அப்படி ஆக்கிவிட்டிருந்தன. பிரின்ஸுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்து கட்டிலில் விழுந்தான்.

அபிஷா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மானி கதையைச் சொன்னான். பஸ் டிக்கெட்டை கேன்சல் பண்ணப் போகிறேன், நாளையிலிருந்து கடைக்குப் போகிறேன் என்றும் சொன்னான். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், அதையும் கீழே போட்டாள். எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். சீயக்காய் டப்பாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்தாள். பழைய பன்னீர் சோடா பாட்டில். உள்ளே பொன்னிறத்தில் பீர் தெளிந்திருந்தது.

“தலைக்குன்னு நாந்தான் பிடிச்சு வச்சேன்” என்றாள். “நீங்க வேல்ராஜ் அண்ணனப் பாக்கப் போன அன்னைக்கு. கேட்டா தரமாட்டிய.”

பிரின்ஸ் பாட்டிலை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. இறுக்கி மூடிக் குளுமையில் வைத்ததில், மிச்சம் மீதி இருந்த துளி இனிப்பும் நுரையாகி உள்ளேயே அடைந்திருந்தது. அவன் நினைத்த பீர் இதுதான். யாரும் திறக்காமல், கலக்காமல், வெயிலில் தூக்கிவைக்காமல், சீயக்காய்க்குப் பின்னால் நிம்மதியாக இருந்து முடிந்திருந்தது.

“இத்தன நாளும் ஏன் சொல்லல?”

அபிஷா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பெங்களூரில், அவள் இங்கே மாமனார் வீட்டில். குடும்பம் நடத்தினது பாதியும் போனில்தான். அவன் பெட்டியோடு வந்து இறங்கின அன்றைக்கு எல்லாரும் முகம் வாடி நின்றபோது, அவள் மட்டும் உள்ளே போய் சந்தோஷத்தில் அழுதிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

“அது கெட்டுப்போனா நீங்க இங்கனயே இருப்பியன்னு நெனச்சேன்” என்றாள். “கெட்டுப்போகட்டும்னுதான் இருந்தேன்.”

பிரின்ஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு ஏன் இப்போது எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்டான்.

“கடையில உக்காந்து பெங்களூர் பஸ் போற ரோட்டையே பாத்துட்டு இருப்பிய. அத தெனமும் பக்கத்துல இருந்து யாரு பாக்கது?”

அவள் அலமாரியிலிருந்து ஒரு பூந்துவாலையை எடுத்து, பாட்டிலைச் சுற்றி அவன் பையில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். வழியில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். முடி கொட்டினால் கொட்டட்டும் என்றும் சொன்னாள்.

வேலை கிடைத்தால் முதலில் நமக்கு வீடு பார்ப்பேன், இந்தத் தடவை தனியாக இருக்க மாட்டேன் என்றான் பிரின்ஸ். பார்க்கலாம் என்றாள் அவள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை, பையைத் தொடவும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.